பெட்ரோல் போடும்போது கொடுத்த காசுக்கு முழு அளவும் கிடைக்க: குமரி மாவட்டக் கார்க்காரர்களுக்கு

கேள்வி இதுதான்: "மார்த்தாண்டத்தில் இருந்து வாரம் இரண்டு தடவை திருவனந்தபுரம் போய்வருகிறேன். பெட்ரோல் வேகன்-ஆர். ஒவ்வொரு தடவையும் 500 ரூபாய்க்குப் போடுவேன். அதிகாலையில் போட்டால் கூடுதல் கிடைக்கும், 500 என்று சொல்லாமல் 510 என்று சொல்ல வேண்டும், டேங்க் ஃபுல் பண்ணினால் வண்டி கனத்து மைலேஜ் குறையும் என்கிறார்கள். எது உண்மை? எப்படிப் போட்டால் லாபம்?"

நீங்கள் கேள்விப்பட்ட மூன்றிலும் காசு இல்லை. காசு இருப்பது வேறு இடங்களில். முதலில் இந்த மூன்றையும் தீர்த்துவிடலாம்.

பெட்ரோல் சூட்டில் விரியும் என்பது உண்மைதான். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 30 லிட்டருக்கு 30 மில்லி, பணமாகப் பார்த்தால் மூன்று ரூபாய். ஆனால் பெட்ரோல் பங்கின் தொட்டி மண்ணுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. மேலே தார் ரோடு கொதித்தாலும் அந்தச் சூடு ஒரே பகலில் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் தொட்டிக்குள் ஒரு டிகிரி வித்தியாசம் வருவதே அபூர்வம். இதற்காகத் தனியாக மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் போனால் 200 மில்லி எரிந்துவிடும், அதாவது இருபது ரூபாய். போகிற வழியில் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போடுங்கள்.

510 கதையும் அப்படித்தான். மெஷினில் 500 என்று அடித்தாலும் 510 என்று அடித்தாலும் ஓடுவது ஒரே மீட்டர். மீட்டரைத் திருத்தியிருந்தால் அது எல்லாத் தொகைக்கும் குறைத்தே ஊற்றும். ரவுண்டாகச் சொல்வதால் உங்களுக்கு நஷ்டமில்லை, சில்லறை சேர்த்துச் சொல்வதால் லாபமும் இல்லை.

கனம்? உங்கள் டேங்க் 32 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ அளவில் இருக்கும். முழு டேங்க்குக்கும் அரை டேங்க்குக்கும் வித்தியாசம் 12 கிலோ, ஒரு சின்னப் பிள்ளை கூட ஏறினது போல. மைலேஜில் அதைப் பிரித்தறிய முடியாது.

இதைவிட 500 ரூபாய்க்கு அடிக்கடி போடுவதில்தான் இழப்பு அதிகம். லிட்டர் 102 ரூபாய் என்றால் 500க்கு 4.9 லிட்டர். நீங்கள் திருவனந்தபுரம் போய்வருவதற்கு மட்டும் மாதம் 40 லிட்டர் பக்கம் ஆகும். அப்படியானால் மாதம் எட்டு தடவை வரிசையில் நிற்கிறீர்கள், எட்டு தடவை மெஷினில் ஜீரோ பார்க்கத் தவறும் வாய்ப்பு வருகிறது. மீட்டருக்கும் சிறிய அளவுகளில் பிழை விகிதம் கூடும். அதோடு, டேங்க் எப்போதும் காலியாகவே கிடந்தால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரிக் ஃப்யூவல் பம்ப் சீக்கிரம் தேயும். பெட்ரோலில் மூழ்கி இருப்பதுதான் அதைக் குளிர்விக்கிறது. கால் டேங்க் ஆனதும் ஃபுல் போடுவது எல்லா வகையிலும் நல்லது.

இனி காசு இருக்கும் முதல் இடம்: எல்லை. கேரளாவில் பெட்ரோல் நம் மாவட்டத்தைவிட லிட்டருக்குச் சுமார் 5 ரூபாய் கூடுதல், சில ஆண்டுகளாகவே இப்படித்தான். காரணம் வரி. தமிழ்நாடு 13 சதவீதமும் அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வாங்குகிறது. 2021 ஆகஸ்டில் இங்கே லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தார்கள். கேரளாவில் விற்பனை வரியே 30 சதவீதத்துக்கு மேல். 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்பு வரியாக இரண்டு ரூபாய் வேறு சேர்ந்தது. களியக்காவிளைப் பக்கம் உள்ள பங்குகளில் கேரளப் பதிவெண் வண்டிகள் வரிசை கட்டி நிற்பது இதனால்தான். நீங்கள் புறப்படும் ஊரே மார்த்தாண்டம், சுற்றிப் போக வேண்டிய அவசியமும் இல்லை. போக வர 80 கிலோமீட்டர்தான். பாறசாலை தாண்டி ஒரு சொட்டும் போட வேண்டியதில்லை. மாதம் 40 லிட்டருக்கு 200 ரூபாய் அப்படியே கையில் நிற்கும். காலை நேரக் கணக்கு, 510 கணக்கு எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதன் பக்கத்தில் வராது. ஆனால் எல்லையோர நெரிசலில் போய் நிற்காதீர்கள். தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ ஊருக்குள் நிரப்பிக்கொள்ளுங்கள். அவசரக் கூட்டத்தில்தான் ஜீரோ பார்ப்பது தவறிப்போகும்.

ஒரே ஊரில் கம்பெனிக்குக் கம்பெனி விலை சில காசுகள்தான் மாறும், அதைத் தேடி அலைய வேண்டாம். 2017 ஜூன் 16 முதல் விலை தினசரி மாறும் முறை இருக்கிறது, மாறும் நேரம் காலை ஆறு மணி. விலை ஏறப்போகிறது என்று முந்தின நாள் செய்தி வந்தால் மட்டும் இரவே போடுவதில் அர்த்தம் உண்டு.

இரண்டாவது இடம், மெஷின் முன்னால் நிற்கும் அந்த இரண்டு நிமிடம். காரில் இருந்து இறங்கி நில்லுங்கள். சீட்டில் இருந்துகொண்டு கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் சரியாகத் தெரியாது. மெஷினில் மூன்று வரிசை எண்கள் இருக்கும்: ரூபாய், லிட்டர், ஒரு லிட்டரின் விலை. "சார், ஜீரோ பாருங்க" என்று சொல்லும்போது பலர் மேல் வரிசையை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடுவார்கள். லிட்டர் வரிசையும் ஜீரோவாக இருக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் இருப்பது சாதாரண பெட்ரோல் விலைதானா என்பதையும் பாருங்கள். விலை கூடிய பிரீமியம் பெட்ரோலின் நாஸிலை (டேங்க்கில் விடும் குழாய் முனையை) எடுத்துவிட்டார்கள் என்றால் அங்கேதான் தெரியும், போட்டு முடித்த பிறகு திருப்பி எடுக்க முடியாது. "நார்மல் பெட்ரோல், ஃபுல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் டீசல் கார் இருந்தால் "டீசல்" என்பதை இரண்டு தடவை சொன்னாலும் தப்பில்லை. டீசல் நாஸில் தடிமனாக இருப்பதால் பெட்ரோல் காரின் வாயில் எளிதில் நுழையாது. பெட்ரோல் நாஸிலோ டீசல் காரில் தாராளமாக இறங்கும். அப்படித் தவறிப் போட்டுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் பண்ணாத வரை டேங்கைக் காலி செய்து கழுவுவதோடு செலவு நிற்கும்.

ஓட ஆரம்பித்ததும் எண் ஜீரோவில் இருந்து பத்துக்குத் தாவுகிறது, இது திருட்டு என்று பலர் சண்டை பிடிக்கிறார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். மெஷின் நிமிடத்துக்கு 30 லிட்டர் வேகத்தில் ஓடினால் நொடிக்கு அரை லிட்டர், அதாவது 50 ரூபாய். கால் நொடியில் 12 ரூபாய் தாண்டிவிடும், ஆகவே எண் தாவுவது இயல்பு. கவனிக்க வேண்டியது, நாஸிலின் விசையை அழுத்துவதற்கு முன்னாலேயே எண் நகர்கிறதா என்பதைத்தான்.

உண்மையில் காசு போகும் வழி ஒன்று உண்டு, அது மெஷினில் இல்லை, பேச்சில் இருக்கிறது. நீங்கள் 1000 ரூபாய்க்குச் சொல்கிறீர்கள். 200 ஓடியதும் நின்றுவிடுகிறது. "200ன்னு காதுல விழுந்துச்சு சார், மிச்சம் 800 போட்டுடறேன்" என்பார். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் கார்டா யுபிஐயா என்று கேட்க, நீங்கள் திரும்பிவிடுவீர்கள். மெஷின் ஜீரோ ஆகாமல் 200ல் இருந்தே ஓடி 800ல் நிற்கும். டேங்க்கில் விழுந்தது 800 ரூபாய்க்கு, நீங்கள் கொடுப்பது 1000. எனவே நடுவில் நின்றால் முதல் ஓட்டத்துக்கு உடனே பில் அடிக்கச் சொல்லுங்கள். மறுபடி ஜீரோவைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. ஃபுல் டேங்க் என்று சொல்பவருக்கு இந்தச் சிக்கலே வராது, சொன்ன தொகை என்று ஒன்று இல்லையே.

கடைசியில் ரூபாயை விலையால் வகுத்துப் பாருங்கள். லிட்டர் 102 ரூபாய் என்றால் 2000 ரூபாய்க்கு 19.61 லிட்டர். பில் கட்டாயம் வாங்குங்கள். தேதி, நேரம், நாஸில் எண், விலை எல்லாம் அதில் இருக்கும். புகார் என்று வந்தால் அந்தத் துண்டுச் சீட்டுதான் சாட்சி.

அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவைக் கேளுங்கள். ஒவ்வொரு பங்கிலும் எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் உலோகப் பாத்திரம் இருந்தாக வேண்டும். கேட்டால் உங்கள் கண் முன்னால் அளந்து காட்ட வேண்டும். பலர் கேட்பதில்லை, கேட்டவர்களும் பார்க்க வேண்டியதைப் பார்ப்பதில்லை. பாத்திரத்தின் கழுத்தில் ஒரு கண்ணாடிச் சில்லும் பக்கத்தில் கோடுகளும் இருக்கும். முதலில் முத்திரையின் ஆண்டைப் பாருங்கள். பாத்திரம் காய்ந்து இருந்தால் ஒரு தடவை நிரப்பிக் கொட்டச் சொல்லுங்கள். உள்சுவரில் ஒட்டி நிற்கும் பெட்ரோலையும் கணக்கில் வைத்துத்தான் அந்தக் கோடுகள் போடப்பட்டிருக்கின்றன. காய்ந்த பாத்திரத்தில் அளந்தால், சரியான மெஷின்கூட குறைவாகக் காட்டுவது போலத் தோன்றும். பாத்திரத்தைச் சமதளத்தில் வைத்து, மெஷினில் 5.00 லிட்டர் அடித்து, நுரை அடங்கியதும் குனிந்து கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பாருங்கள். கூடவோ குறையவோ 25 மில்லி வரை விதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் அந்த நாஸிலில் விற்பனையே நடக்கக் கூடாது.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. 2017 ஏப்ரலில் லக்னோவில் போலீஸ் பிடித்த பங்குகளில் மெஷினுக்குள் ரிமோட்டில் இயங்கும் சிப் வைத்திருந்தார்கள். அளக்க ஆள் வந்தால் அணைத்துவிடலாம். அப்படிப்பட்டதை 5 லிட்டர் பாத்திரம் காட்டிக் கொடுக்காது, உங்கள் மைலேஜ் நோட்டு காட்டிக் கொடுக்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

தரத்துக்கு இரண்டு சோதனை. எளியது ஃபில்டர் பேப்பர். நாஸிலின் முனையை முதலில் துடைக்கச் சொல்லுங்கள், பழைய அழுக்கு அதில் இருக்கும். பேப்பரில் ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிட வேண்டும். லேசான இளஞ்சிவப்பு நிறம் நின்றால் பயப்பட வேண்டாம், அது பெட்ரோலில் சேர்க்கும் நிறம். எண்ணெய் பட்டது போல மினுக்கும் கறை நின்றால் கலப்படம். மற்றது அடர்த்தி. 500 மில்லி கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் எடுத்து, அடர்த்திமானியும் தெர்மாமீட்டரும் இறக்கி, கிடைத்த அளவை அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்கு மாற்ற வேண்டும். 30 டிகிரியில் 735 காட்டினால் 15 டிகிரிக்கு அது 748 பக்கம் வரும். பங்கில் அன்றைக்கு எழுதி வைத்திருக்கும் அடர்த்தியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 3 புள்ளிக்குள் இருக்க வேண்டும். மாற்றாமல் நேரடியாக ஒப்பிட்டுவிட்டு கலப்படம் என்று சண்டைக்குப் போவது நம் ஆட்கள் செய்யும் தவறு.

குறை உறுதியானால் முதலில் பங்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள், புத்தகம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அளவுக் குறைவு என்றால் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு, தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் அவர்கள் கையில்தான். எந்த வகைக் குறைக்கும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாஸில் எண்ணும் நேரமும் இல்லாத புகார் அதிகம் நகராது, பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஃபுல் டேங்க் போடும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். நாஸில் 'டக்' என்று தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். "ரவுண்டாக்கிடறேன் சார்" என்று மறுபடி மறுபடி அழுத்த விடாதீர்கள். டேங்க்கின் மேல் பகுதியில் ஆவிக்கு என்று இடம் விட்டிருக்கிறார்கள், அந்த ஆவியைப் பிடித்து வைக்க ஒரு கரிப் பெட்டியும் உண்டு, மெக்கானிக்குகள் கனிஸ்டர் என்பார்கள். வாய் வரை நிரப்பினால் திரவமாகவே பெட்ரோல் அதற்குள் போய்விடும். பிறகு பெட்ரோல் போட்டுவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும், வண்டிக்குள் வாடை அடிக்கும், இன்ஜின் லைட் எரியும். கனிஸ்டர் மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும், நீங்கள் கூடுதலாக ஏற்றியது ஒன்றரை லிட்டர். 32 லிட்டர் டேங்க்கில் 34 லிட்டர் ஏறியது என்று வரும் சண்டைகளுக்கும் காரணம் இதே காலி இடம்தான். கம்பெனி சொல்லும் அளவு பெயருக்கான அளவு. குழாயும் ஆவி இடமும் சேர்ந்தால் அதற்கு மேல் தாராளமாக ஏறும். அதை மட்டும் வைத்து மீட்டர் தப்பு என்று சொல்ல முடியாது.

இப்போது கிடைப்பது இ20, இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் இறங்கத்தான் செய்யும். நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட திட்ட அறிக்கை, இ10க்கு (பத்து சதவீத எத்தனால்) சரிசெய்த பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இ20க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும் குறையும் என்று மதிப்பிட்டது. 17 கொடுத்த பழைய வண்டி 16 கொடுத்தால் உடனே பங்கைச் சந்தேகிக்காதீர்கள். பிரீமியம் பெட்ரோல் போட்டால் அது திரும்பி வருமா என்றால், உங்கள் காருக்கு வராது. ஆக்டேன் என்பது இன்ஜின் தட்டாமல் இருப்பதற்கான குணம், அதில் ஆற்றல் கூடுவதில்லை. சாதாரண பெட்ரோலுக்கென்றே செய்த இன்ஜினுக்கு லிட்டருக்குப் பல ரூபாய் கூட்டிக் கொடுப்பது வீண். கையேட்டில் 95க்கு மேல் ஆக்டேன் வேண்டும் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

எத்தனாலுக்கு இன்னொரு குணம், தண்ணீரை இழுக்கும். இரண்டு பருவமழையும் கொட்டும் நம் மாவட்டத்தில் இது முக்கியம். தொட்டிக்குள் தண்ணீர் ஓரளவுக்கு மேல் இறங்கினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். 2023 டிசம்பரில் வந்தது போன்ற வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீர் நின்ற தாழ்வான பங்குகளில் உடனே போடாதீர்கள், மேட்டில் உள்ள பங்குக்குப் போங்கள். போட்ட சில கிலோமீட்டருக்குள் வண்டி விக்கி விக்கி ஓடினால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். மேலும் ஓட்டினால் இன்ஜெக்டர் வரை போகும். டேங்க்கில் இருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தனி அடுக்கு தெரியும். பில்லோடு அந்தப் பாட்டிலும் இருந்தால் பேச வேண்டியது அதிகம் இருக்காது. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்க, ஷெட்டிலேயே மாதக்கணக்கில் நிற்கும் கார்களும் இங்கே நிறைய. அவற்றில் டேங்க்கைக் கால்வாசியில் விடாமல் நிரப்பி வையுங்கள். காலி இடம் குறைந்தால் ஈரக் காற்றும் குறையும்.

பணம் கொடுப்பதில்: கிரெடிட் கார்டில் பெரும்பாலும் ஒரு சதவீதக் கூடுதல் கட்டணம் போட்டு, பிறகு திருப்பித் தருவார்கள். அதன் மேல் போடும் ஜிஎஸ்டியைத் திருப்ப மாட்டார்கள். 2000 ரூபாய்க்கு 20 ரூபாய் திரும்பும், 3 ரூபாய் 60 காசு போகும். பாயிண்ட் அதைவிட அதிகம் கிடைத்தால் கார்டு, இல்லையென்றால் வங்கிக் கணக்கில் இருந்து நேராக யுபிஐ.

டயர் காற்றும் இங்கேயே முடியும். பங்கில் காற்று இலவசம். வண்டி சூடாகும் முன் பிடியுங்கள், டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு. நான்கு டயரிலும் 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 2 சதவீதம் இறங்கும், டயர் தேய்வது அதற்கு மேல்.

கடைசியாக மைலேஜ் நோட்டு. ஒரே பங்க், முடிந்தால் ஒரே நாஸில். முதல் 'டக்' வரை ஃபுல் போட்டு ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். கால் டேங்க் வந்ததும் அதே இடத்தில் மறுபடி முதல் 'டக்' வரை. 392 கிலோமீட்டருக்கு 23.9 லிட்டர் ஏறியது என்றால் 16.4. இப்படி நான்கைந்து தடவை எழுதினால் உங்கள் வண்டியின் சராசரி தெரிந்துவிடும். பிறகு அடுத்த பங்குக்கு மாறி அங்கேயும் நான்கு தடவை எழுதுங்கள். ஒரு தடவை குறைந்தால் அது மார்த்தாண்டம் சந்திப்பில் ஏசியோடு நின்ற நேரமாக இருக்கலாம். நான்கு தடவையும் ஐந்து சதவீதம் குறைந்தால் அந்த மீட்டரைச் சந்தேகிக்கலாம். திருநெல்வேலிப் பயணத்தில் கணக்கெடுத்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கே இருந்து அடிக்கும் காற்று, போகும்போது வண்டியைத் தள்ளிவிடும், திரும்பும்போது முகத்தில் அறையும். போனதை மட்டும் தனியாக எடுக்காமல், போய்த் திரும்பி வந்து நிரப்பிய பிறகு வகுத்துப் பாருங்கள்.